இரண்டாவது தட்டு

முப்பத்தோரு வருடக் கண்டக்டர் வேலையில், ஸ்டாப் இல்லாத இடத்தில் இன்ஷிராஹ் ட்ராமை நிறுத்தச் சொன்னது மூன்றே தடவைதான். ஒரு தடவை பெண்கள் பெட்டியில் ஒருத்திக்குப் பிரசவ வலி எடுத்தது. இன்னொரு தடவை தண்டவாளத்தில் பூனை. மூன்றாவது தடவை, போன ஜூன் மாதம், கேம்ப் ஷேசார் ஸ்டாப்பைத் தாண்டிச் சுவரில் ஒரு போஸ்டரைப் பார்த்தபோது. விசிலை விடாமல் ஊதினாள். டிரைவர் பதறிப்போய் பிரேக் போட்டார். மடியில் காய்கறிப் பை வைத்திருந்த ஒரு அம்மாளின் கத்தரிக்காயெல்லாம் தரையில் உருண்டது.

"என்னாச்சு? யாராவது விழுந்துட்டாங்களா?" என்று முன்னாலிருந்து டிரைவர் கத்தினார்.

"யாரும் விழல. 'ரெண்டு தட்டு' திரும்ப வருது!"

வேறு ஊராக இருந்தால் அவளை அங்கேயே இறக்கிவிட்டுப் போயிருப்பார்கள். எங்கள் அலெக்சாந்திரியாவில் பெட்டி முழுக்க ஜன்னல் பக்கம் சாய்ந்துவிட்டது. கத்தரிக்காய்க்காரி கத்தரிக்காயை மறந்தாள். "மஹ்ரூஸ் கந்தீலேவா நடிக்கிறார்? அவர் இன்னும் இருக்காரா?" என்று கேட்டாள். இருக்கிறார், எண்பத்தோரு வயது, அதே வேஷம், கடலோரச் சாலையான கோர்னிஷில் இருக்கும் கோடை அரங்கில், ஆகஸ்டில் மூன்றே நாள். போஸ்டரில் அப்படித்தான் போட்டிருந்தது.

அந்த நாடகத்தைத் தெரியாதவர் எங்கள் ஊரில் கிடையாது. தபால் ஆபீஸ் குமாஸ்தா ஹஸ்ஸூனாவின் மனைவி இறந்துபோகிறாள். வீட்டு வாடகைப் பத்திரம் அவள் பெயரில் இருக்கிறது. வீட்டுக்காரன் காலி செய்யச் சொல்லிவிடுவானே என்று ஹஸ்ஸூனா அவள் உயிரோடு இருப்பதாகவே நடிக்கிறான். அவள் குரலில் தானே பேசி, தன்னையே திட்டிக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே அவள் கவுனைக் காயப்போட்டு, பக்கத்து வீட்டுப் பெண்களுடன் கதவுக்குப் பின்னாலிருந்து வம்பளக்கிறான். இரண்டு அங்கம் முழுக்க வயிறு வலிக்கச் சிரிக்கலாம். மூன்றாவது அங்கத்தில் எல்லாரையும் ஏமாற்றி ஜெயித்துவிடுகிறான். வீடு கையை விட்டுப் போகவில்லை. கதவைச் சாத்திவிட்டுத் தனியாகச் சாப்பிட உட்கார்ந்து, பழக்கத்தில் இரண்டு தட்டு வைத்துவிடுகிறான். எதிர் நாற்காலியைப் பார்த்து, "இன்னிக்கும் லேட்டா?" என்கிறான். அப்புறம் ஒரு மௌனம். பிறகு இரண்டாவது தட்டை மூடி வைக்கிறான். திரை விழுகிறது.

மௌனம் இருக்கிறது என்பது எழுதினவருக்கும் கந்தீலுக்கும் இன்ஷிராஹுக்கும்தான் இப்போது நினைவு. மற்ற எல்லாருக்கும் அந்த இடத்தில் ஒரு குரல் இருக்கிறது. எண்பத்தொன்பதில் தொலைக்காட்சிக்காகப் படம் பிடித்த அன்று, ஏழாவது வரிசையிலிருந்து ஒரு ஆள் எழுந்து, "அவ அம்மா வீட்டுக்குப் போயிட்டா! நீ சாப்பிடுப்பா!" என்று கத்தினான். அரங்கம் இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு. கந்தீலுக்கே தோள் குலுங்கியது. அதிலிருந்து ஒவ்வொரு பெருநாளுக்கும் இரண்டாம் நாள் தொலைக்காட்சியில் நாடகம் போடுவார்கள், அந்த இடம் வந்ததும் ஒவ்வொரு வீட்டிலும் கைக்குழந்தை உட்பட எல்லாரும் சேர்ந்து கத்துவார்கள். அப்புறம் நடந்த ஒவ்வொரு காட்சியிலும் ஜனங்கள் கூடிக் கத்தினார்கள். கந்தீல் வாயைத் திறப்பதற்குள்ளேயே பதில் வந்துவிடும்.

கத்தின அந்த ஆள் இன்ஷிராஹின் புருஷன் பயூமி.

பயூமி துறைமுகத்தில் கிரேன் ஓட்டினவர். கிரேன் மேலிருந்து கப்பலில் நிற்பவனோடு மைக் இல்லாமல் பேசுவார், அவ்வளவு தொண்டை. அப்போது அவர்களுக்குக் கல்யாணமாகி எட்டு மாதம் ஆகியிருந்தது. அதற்கு முந்தின வாரமே இன்ஷிராஹ் தன் அக்காவோடு நாடகத்தைப் பார்த்திருந்தாள். அந்த மௌனத்தைக் கேட்டிருந்தாள். அறுநூறு பேர் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், வெளியே கடல் அடிப்பது மட்டும் கேட்டது. அவளுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அதைப் புருஷனுக்குக் கொடுக்க வேண்டும் என்றுதான் மறுபடி டிக்கெட் வாங்கிக் கூட்டிக்கொண்டு போனாள். "கடைசியில ஒண்ணு வரும், அப்போ பேசாம இருங்க" என்று படித்துப் படித்துச் சொன்னாள். மனுஷர் எழுந்து நின்று கத்திவிட்டார்.

திரும்பி வரும்போது ட்ராமில் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒன்பது நாள் பேசவில்லை. ஒன்பதாம் நாள் பயூமி இரண்டு கிலோ வஞ்சிரம் வாங்கிக்கொண்டு வந்து, தானே சுத்தம் செய்து, அடுப்படியில் நின்றுகொண்டே சொன்னார்:

"அந்த ஆளு தனியா உக்காந்திருந்தான், இன்ஷிராஹ். எனக்குத் தாங்கல. யாராவது ஒரு வார்த்தை சொல்லணும்ல?"

"அது நாடகம்! அவருக்குச் சம்பளம் கொடுத்துதான் தனியா உக்கார வச்சிருக்காங்க!"

"சம்பளம் கொடுத்தா தனியா இருக்கிறது சுலபமாயிடுமா?"

மீனை வறுத்துப் போட்டாள். ஆனால் மனசுக்குள் மன்னிக்கவில்லை. அவர் காப்பிக்கடையில் காலை நீட்டி உட்கார்ந்து, "அந்தக் குரல் என்னோடதுதான்யா" என்று ஊருக்கெல்லாம் சொல்லிப் பெருமை அடித்துக்கொண்டிருப்பார். அவளுக்குக் காது கூசும்.

அடுத்த வருடம் ஒரு பத்திரிகையில் கந்தீலின் பேட்டி வந்தது. "அந்த மௌனத்துக்காக மூன்று மாதம் ஒத்திகை பார்த்தேன். பதினோரு வினாடி. படம் பிடிக்கிற அன்று பார்த்து ஒருவன் எழுந்து அதை எடுத்துக்கொண்டு போய்விட்டான். எனக்கு அது திரும்பக் கிடைக்கவே இல்லை" என்று சொல்லியிருந்தார். இன்ஷிராஹ் அதைக் கத்தரித்து எடுத்து, அலமாரி இழுப்பறையில் விரித்திருந்த தாளுக்கு அடியில் ஒளித்து வைத்தாள். கோபம் வந்தால் பாத்திரத்தை உடைப்பாளே தவிர, அந்தக் காகிதத்தைப் புருஷனிடம் ஒரு நாளும் காட்டவில்லை. படித்தால் அந்த மனுஷர் உடைந்துபோயிருப்பார்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் பயூமி இறந்தார். நெஞ்சு வலி, ஒரே நாள். அமூத் கபர்ஸ்தானில் அவர் அம்மா கபரைத் திறந்து, அம்மாவுக்குப் பக்கத்திலேயே வைத்தார்கள். அந்த வருடப் பெருநாளின் இரண்டாம் நாள் மகள் ராவியாவின் வீட்டில் எல்லாரும் தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருந்தபோது, பெட்டியிலிருந்து அவர் குரல் வந்தது. "நீ சாப்பிடுப்பா!" இருபத்தைந்து வயதுக் குரல். பேரப்பிள்ளைகள் சந்தோஷமாகக் கூடவே கத்தின. இன்ஷிராஹ் கையிலிருந்த பலகாரத் தட்டை வைத்துவிட்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்து அழுதாள். செத்துப்போனவரோடு எப்படிச் சண்டை போடுவது? குரல் மட்டும் வருடத்துக்கு ஒரு தடவை வந்து அதே தப்பைச் செய்துவிட்டுப் போகிறது.

அதனால்தான் போஸ்டரைப் பார்த்த அன்றே அவள் முடிவு பண்ணிவிட்டாள். கந்தீலுக்கு எண்பத்தோரு வயது. இதற்குமேல் எத்தனை தடவை நடிக்கப்போகிறார்? என் புருஷன் எடுத்ததை நான் திருப்பிக் கொடுப்பேன். முதல் நாள் காட்சியில் அந்த அரங்கத்தில் ஒருத்தன், ஒரே ஒருத்தன் வாயைத் திறக்கக்கூடாது.

அறுநூறு அலெக்சாந்திரியாக்காரர்களை வாயை மூட வைப்பது! சொன்னால் சிரிப்பார்கள். சிரித்தார்கள்.

அவள் பழைய டிக்கெட் கட்டுகளின் வெற்று அட்டையை வெட்டி, பின்பக்கம் கையால் எழுதினாள்: "மூன்றாம் அங்கம். இரண்டாவது தட்டு. வாய் மூடியிருக்கட்டும். பூசணி விதை கொறிக்கவும் வேண்டாம்." தினமும் ட்ராமில் ஏறினதும் முதல் வேலை, "வியாழக்கிழமை நாடகத்துக்கு யாரெல்லாம் போறீங்க? கை தூக்குங்க!" என்பதுதான். தூக்கினவர்களுக்கு அட்டை. தூக்காதவர்களுக்கு, "உங்க வீட்ல யாராவது போவாங்க, குடுங்க" என்று இன்னொரு அட்டை. இன்ஸ்பெக்டர் ஒருநாள் பிடித்துக்கொண்டார்.

"இது என்ன, ட்ராம் வண்டியா, பள்ளிக்கூடமா? மெமோ குடுப்பேன்."

"குடுங்க சார். நீங்க எந்த நாள் போறீங்க?"

அவர் மீசையைத் தடவினார். "முதல் நாள். குடும்பத்தோட. ஆறு டிக்கெட்."

"அப்போ ஆறு அட்டை எடுத்துக்கங்க. மெமோ அப்புறம் குடுக்கலாம்."

டிக்கெட் கொடுத்த நாள், அரங்கத்தின் ஜன்னல் முன்னால் காலை ஆறு மணிக்கே கியூ. இன்ஷிராஹ் லீவு போட்டுவிட்டுக் கியூவின் வால் வரைக்கும் நடந்தாள். சிலர் நெஞ்சில் கை வைத்துச் சத்தியம் பண்ணினார்கள். ஒரு கிழவர், "நான் அந்த ஒரு வரியைக் கத்தறதுக்குத்தாம்மா டிக்கெட்டே வாங்கறேன், மத்ததெல்லாம் வீட்லயே பார்த்துட்டேன்" என்று முறைத்தார். அவர் பக்கத்திலேயே அரை மணி நேரம் நின்று, கால் வலிக்கப் பேசினாள்; கடைசியில் அவர் தப்பித்தால் போதும் என்று ஒத்துக்கொண்டார். ஜன்னலுக்கு அவள் முறை வந்தபோது வாய் தானாக, "ரெண்டு" என்றது. கிழித்துக் கொடுத்துவிட்டார்கள். திருப்பிக் கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. ஏழாவது வரிசை, ஓரத்து இரண்டு சீட்.

அவளுடைய பெரிய தலைவலி, பஹரி வட்டாரத்தில் முடிவெட்டும் கடை வைத்திருக்கும், ஊரார் மரியாதையாக 'உஸ்தா' என்று கூப்பிடும் ஃபர்கலி. பயூமியின் உயிர்த் தோழர். காப்பிக்கடை ஜமாவுக்காக நாற்பது டிக்கெட் வாங்கி வைத்திருக்கிறார், பயூமி நினைவாக நாற்பது பேரும் ஒரே நேரத்தில் எழுந்து கத்தப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, அவள் கடைக்கே போய் நின்றாள். ஃபர்கலி ஒருத்தர் தாடையில் சோப்பு தடவிக்கொண்டிருந்தார்.

"வாங்க ராவியா அம்மா! கேள்விப்பட்டீங்களா? ஒத்திகையெல்லாம் பார்த்தாச்சு. கப்பல்ல இருக்கிறவனுக்கே கேக்கும்!"

"கத்தினா நாக்கை அறுத்துடுவேன், உஸ்தா. கத்திகூட நான் கொண்டு வர வேண்டாம், உங்க கடையிலயே இருக்கு."

ஃபர்கலியின் கை நின்றது. "பயூமிக்காகத்தான் பண்றோம். அவன் பேரு விளங்க வேண்டாமா? நீங்களே வேண்டாங்கறீங்களே, இது நியாயமா?"

அவள் கைப்பையிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்து நீட்டினாள். முப்பத்து மூன்று வருடத்தில் அதை இன்னொருத்தர் கையில் கொடுத்தது அதுதான் முதல் தடவை. ஃபர்கலி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். சோப்பு பூசின ஆள் கண்ணாடியில் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பயூமி இதைப் பார்த்தானா?"

"இல்ல."

"நல்ல வேளை." காகிதத்தை நாலாக மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "சரி ராவியா அம்மா. பயூமி மேல சத்தியம், நாங்க நாற்பது பேரும் வாயைத் திறக்கமாட்டோம். ஆனா எனக்கு மனசு ஒப்பல. அதையும் சொல்லிட்டேன்."

"உங்க மனசு எனக்கு வேண்டாம். வாயை மட்டும் மூடுங்க."

வெளியே வந்தாள். ஓரத்தில் நின்று கரும்புச்சாறு வாங்கிக் குடித்துவிட்டு வேலைக்குப் போனாள்.

முதல் நாள் காட்சி. அந்த வியாழக்கிழமை பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததிலிருந்தே கோர்னிஷில் கூட்டம். பேரன் கையைப் பிடித்துக்கொண்டு கிழவர்கள், பிறக்கும்போதே அந்த வசனங்களோடு பிறந்த கல்லூரிப் பெண்கள், மாலை போட்டுக்கொண்டு இரண்டு புதுமணத் தம்பதிகள்கூட. சீட் போதாமல் சுவரோரம் ஜனம் நின்றது. இன்ஷிராஹ் நீல கோட் போட்டு, பக்கத்து சீட்டில் கைப்பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். முழங்கால் வலியோடு நின்றிருந்த ஒரு பருத்த அம்மாள் குனிந்து, "இங்க யாராவது வராங்களாம்மா?" என்று கேட்டாள்.

"வராங்க" என்றாள் இன்ஷிராஹ். ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

கந்தீல் மேடைக்கு வந்ததும் எழுந்து நின்று நாலு நிமிடம் கை தட்டினார்கள். ஆள் இளைத்துப் பாதியாகிவிட்டார். ஆனால் மனைவி குரலில், "உன்னைக் கட்டிக்கிட்டு நான் என்ன சுகத்தைக் கண்டேன்!" என்று தன்னையே திட்டத் தொடங்கினதும் அந்தப் பழைய மனுஷர் வந்துவிட்டார். முதல் இரண்டு அங்கத்துக்கும் அவள் யாரையும் தடுக்கவில்லை. எல்லா வசனத்தையும் ஜனங்கள் கூடவே சொன்னார்கள், சில சமயம் முன்னாலேயே சொன்னார்கள். விதைத் தோல் பறந்தது. இன்ஸ்பெக்டர் குடும்பம் ஆறு பேரும் சிரித்து இருமிக்கொண்டிருந்தார்கள். இன்ஷிராஹும் சிரித்தாள்.

மூன்றாம் அங்கம். கதவைச் சாத்தினார். பானையை இறக்கினார். முதல் தட்டு. இரண்டாவது தட்டு.

"இன்னிக்கும் லேட்டா?"

யாரும் பேசவில்லை.

அவள் எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று. விதை கொறிக்கிற சத்தம் இல்லை. ஒரு குழந்தை சிணுங்க ஆரம்பித்தது, தாய் உடனே நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அறுநூறு பேரும் அப்படியே உட்கார்ந்திருக்க, வெளியே கடல் அடித்தது. ஒன்பது, பத்து, பதினொன்று. கொடுத்துவிட்டேன். அல்லாஹ்வே, திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

பதினைந்து. இருபது. கந்தீல் அசையவில்லை. தட்டை மூட வேண்டிய கை மேஜை மேலேயே கிடந்தது. வசனம் மறந்துவிட்டதா? உடம்புக்கு ஏதாவதா? ஜனங்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். அப்போது கிழவர் மெல்லத் திரும்பி, விளக்கு வெளிச்சத்துக்கு நெற்றியில் கை வைத்து, அரங்கத்தைத் தேடினார்.

"எங்கய்யா அந்த ஆளு?"

வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனார்.

"தட்டு வச்சதும் முப்பத்திநாலு வருஷமா ஒரு பதில் வருமே! முதல்ல எனக்கும் கோபந்தான், மறைக்கல. அப்புறம் என் வீட்லயே ரெண்டாவது தட்டுக்கு ஆள் இல்லாம போச்சு. அன்னிலேருந்து அந்தக் குரலுக்காகத்தான்யா பெருநாளுக்கு டிவிப் பெட்டியைப் போட்டுட்டு உக்கார்றேன். இன்னிக்கு என்ன, எல்லாரும் ஊமையாயிட்டீங்களா? நான் தனியாவா சாப்பிடறது?"

இன்ஷிராஹுக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. ஒரு துண்டுக் காகிதத்தை முப்பத்து மூன்று வருடம் பாதுகாத்தாளே, அதைச் சொன்ன மனுஷன் அதற்கப்புறம் மாறியிருப்பான் என்று ஒரு தடவையாவது நினைத்தாளா? அவள் வாயை மூட வைத்த அறுநூறு பேரும் இப்போது அவளைத்தான் பார்த்தார்கள். பின்வரிசையிலிருந்து ஃபர்கலியின் கெஞ்சுகிற கிசுகிசுப்பு வந்தது.

"ராவியா அம்மா... சொல்லிடட்டுமா? சத்தியம் பண்ணிட்டேனே..."

மேடையில் கிழவர் நெற்றியில் வைத்த கையை இறக்கவில்லை. யாராவது ஒரு வார்த்தை சொல்லணும்ல, என்றது அடுப்படியிலிருந்து ஒரு குரல், மீன் வாசனையோடு.

அவள் எழுந்து நின்றாள். ட்ராம் சத்தத்தை மீறி மூன்று பெட்டிக்குக் கேட்கிற குரல் அவளுடையது.

"அவரு அம்மா வீட்டுக்குப் போயிட்டாருங்க!"

அரங்கம் சிரிக்க வாய் திறந்தது. "அவ" என்று வர வேண்டிய இடத்தில் "அவரு" என்று வந்ததைக் கேட்டு, சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. பின்னால் ஃபர்கலி விசும்பினார்.

"நீங்க சாப்பிடுங்க" என்று முடித்தாள்.

கந்தீல் அவளையே பார்த்தார். "எப்போம்மா?"

"ரெண்டு வருஷமாச்சு. அவங்க அம்மா பக்கத்துலயே வச்சிருக்கோம்."

"அல்லாஹ் அவருக்கு ரஹ்மத் செய்யட்டும்." கிழவர் நாற்காலியை மேஜைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "என்கிட்ட அவ்வளவு அக்கறையா இருந்தவரு. சரிம்மா. சாப்பிடறேன்."

நிஜமாகவே சாப்பிட்டார். ஒரு வாய், இரண்டு வாய், நிதானமாக மென்று விழுங்கினார். அப்புறம் இரண்டாவது தட்டை எடுத்து, ஆறிப்போகாமல் இன்னொரு தட்டால் மூடி வைத்தார்.

இன்ஷிராஹ் உட்காரவில்லை. பக்கத்து சீட்டில் இருந்த கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, சுவரோரம் நின்ற பருத்த அம்மாளைக் கையசைத்துக் கூப்பிட்டாள்.

"வந்து உக்காருங்கம்மா. இங்க யாரும் வரல."